தலை திருப்பாத மாஸ்டர்

நடுவர் விசில் ஊதினார். பனிப்பிச்சை மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல், இரண்டு உள்ளங்கையையும் முழங்கால் மேல் கவிழ்த்துக்கொண்டு, மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராகச் சிலை மாதிரி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்துவிட்டால் பிறகு தலை அசையாது. பந்து வலது கோலுக்குப் போனாலும் இடது கோலுக்குப் போனாலும் மற்றவன் எல்லாம் கோழி மாதிரிக் கழுத்தை வெட்டி வெட்டித் திருப்புவான், மாஸ்டர் திருப்ப மாட்டார். இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரைக்கும் மொத்த மைதானமும் அவர் கண்ணுக்குள் ஒரு தாம்பாளம் மாதிரி வந்து உட்கார்ந்துவிடும் என்று நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் பேச்சு. பந்தைப் பார்க்கிறவன் ரசிகன், பந்து இல்லாத பயலைப் பார்க்கிறவன்தான் மாஸ்டர் என்று அவரே சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சை வளர்த்தும் வைத்திருந்தார். நாளைக்கு மதுரையில் ஒரு ஓட்டல் ஹாலில் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கப்போகிறது. லீக்கில் இருக்கிற கிளப்புகள் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, காலேஜ் முடிக்கிற ஃபுட்பால் பையன்களில் முறைக்கு ஒருத்தனாகப் பொறுக்கிக்கொண்டு போகும். பொறுக்கப்பட்டவன் பிழைத்தான், மற்றவன் வீட்டுக்குப் போனான். இன்றைக்கு இந்தக் காலேஜ் மைதானத்தில் கடைசிப் பரிசோதனை ஆட்டம். பையன்கள் நிறைய, நேரம் குறைச்சல், அதனால் ஒருத்தனுக்கு ஒரு பாதி ஆட்டம்தான். அவருடைய கிளப் அவரைக் கூட்டிவந்திருப்பது நல்ல ஆட்டக்காரனைக் காட்டித்தர அல்ல. நல்ல ஆட்டக்காரனை எந்தக் குருடனும் கண்டுபிடித்துவிடுவான். மாஸ்டர் வேலை கழிப்பது. எவனிடத்தில் என்ன கோளாறு என்று சொல்லி வரிசையிலிருந்து உருவி எறிவது. எந்தக் குருடனும். அந்த வார்த்தை அவருக்கே மனசில் ஒரு முள் மாதிரித் தட்டுப்பட்டது. வேறு வார்த்தை போட்டிருக்கலாம். எந்த மடையனும். ஆமாம், எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான்.

வலது பக்கத்தில் கிளப்பின் ஆள் திருமூர்த்தி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடுமலைப்பேட்டைப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயசுதான் இருக்கும், மாஸ்டர் வாயிலிருந்து விழுவதை அப்படியே தட்டி ஏற்றிவிடுவான். வேண்டுமென்றே அவனை வலது பக்கம் உட்கார வைத்திருந்தார். "இந்தப் பக்கம் வெயிலுங்க மாஸ்டர், நான் அந்தப் பக்கம் வந்தர்றேன்" என்று அவன் எழுந்தபோது, "இருடே, வெயிலு பட்டா கரைஞ்சா போயிருவ" என்று சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இடது பக்கம் யாரும் வேண்டாம். இடது பக்கம் ஒருத்தன் இருந்தால் அவன் எப்போது கையை நீட்டுகிறான், எப்போது சிரிக்கிறான், எப்போது டீக் கிளாஸை மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று தெரியாது. போன மாசம் பங்குத்தந்தை வீட்டில் அப்படித்தான் ஒரு கிளாஸ் டீ தரையில் போயிற்று. சாமியார் சிரித்துக்கொண்டே, "யோசனையிலேயே இருக்கீரு மாஸ்டரே" என்றார். ஆமா சாமி, யோசனைதான். மைதானத்தில் பையன்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள். சிவப்புச் சட்டை இடது கோலை நோக்கி, மஞ்சள் சட்டை வலது கோலை நோக்கி. மஞ்சளின் நடு ஆள் ஒருத்தன் தலையைக் குனிந்தே ஓடினான். கழி. இன்னொருத்தன் ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், சபாஷ் கேட்கிற பார்வை. அவனையும் கழி. "ரெண்டு பேருக்கும் என்ன எழுதறதுங்க?" "முதல்ல உள்ளவன் கடன்காரன் மாதிரி ஓடுகான். அடுத்தவன் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஆடுகான். எழுது." திருமூர்த்தி சிரித்துக்கொண்டே தட்டினான். மாஸ்டருக்கு உள்ளே ஒரு சூடு பரவியது. பார்க்கிறேன் பார்த்தாயா. எல்லாம் தெரிகிறது. இந்த அளவுக்குத் தெரிந்தால் போதாதா ஒரு மனுசனுக்கு.

சிவப்பில் இடது ஓரம் ஆடுகிறவன் ரெஜின். அவர் கரைதான், அதே கடற்கரை ஊர், அவர் தெருவுக்குக் கிழக்கே ரெண்டு தெரு தள்ளி. நேற்று அவன் அம்மை லூர்து, அடுக்குப் பாத்திரத்தில் சாளை மீன் பொரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அண்ணே, இதுதான் அவனுக்கு கடைசி வருசம். இதுல போகலன்னா அவன் மாமன் ஓமானுக்கு மீன்போட்டு வேலைக்கு கூட்டிட்டுப் போயிருவான். ஒரு மாப்பு வேண்டாம், இருக்கத இருக்கபடி பாத்துச் சொன்னா போதும்." இருக்கதை இருக்கபடி. சாளை நல்லா முறுகலாக இருந்தது, முள்ளோடு தின்றார். தின்னும்போதே மனசில் சொல்லிக்கொண்டார், சாளைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இன்று காலை மைதானத்து வாசலில் பையன் வந்து, "தோத்திரம் மாமா" என்றான். இடது பக்கமிருந்து சொன்னான். குரலைக் கேட்டு அவர் உடம்போடு திரும்பி, கர்வத்தில் திரும்புகிறவர் மாதிரி மெதுவாகத் திரும்பி, "இங்க மாமா மச்சான் ஒண்ணும் கெடையாது, ஓடு" என்றார். அவன் முகம் என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்குள் வெயில் கண்ணில் அடித்தது. முகம் என்ன ஆகியிருந்தால் என்ன. முகத்தையா கிளப் எடுக்கப் போகிறது.

பந்து ரெஜினிடம் வந்தது. அவருக்கு முன்னாலேயே, சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில். இடது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை ஒரு தடவு தடவினான், பூனையைத் தடவுகிற மாதிரி, பந்தும் அடங்கி நின்றது. மணலில் வெறுங்காலோடு பழகின காலுக்குத்தான் அது வரும். மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் மேலே விழ வந்தான். ரெஜின் இடுப்பை இப்படி ஒரு அசை, அப்படி ஒரு அசை, அவ்வளவுதான், இடது பக்கமாக எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடி, மைதானத்தின் ஓரத்தைத் தாண்டி விழுந்த மாதிரி, இல்லாமல் போனான். கோடு இருந்தது, புல் இருந்தது, கொஞ்ச தூரம் புல் இருந்தது, அதற்குப் பிறகு கஞ்சித்தண்ணி. சோறு வடித்த கஞ்சியை ஒரு கண்ணாடியில் ஊற்றி இடது பக்கம் பிடித்த மாதிரி ஒரு வெளுப்பு. அந்த வெளுப்புக்குள் ஒரு சிவப்பு அசைவதாகத் தோன்றியது, தோன்றியதா, அவராக வைத்துக்கொண்டாரா. சர்க்கரையில் இடது கண் போன வருசமே இப்படிப் போகத் தொடங்கியது. கண்ணாஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், வந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் நேர்மையாகத்தான் அமுக்கினார். பிறகு புள்ளியே வராமல் நேரம் போயிற்று. மெஷின் மட்டும் உள்ளே டிக் டிக் என்று வேலை செய்துகொண்டிருந்தது, அப்படியானால் புள்ளி வருகிறது, இவருக்குத்தான் தெரியவில்லை. உடனே அந்த டிக்குக்குத் தக்கபடி தாளம் போட்டு அமுக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இல்லாத வெளிச்சத்துக்கும் சேத்து அமுக்கியிருக்கீங்க" என்றாள். முட்டியில் கட்டுப் போட்டு மேலே நீளச் சாக்ஸ் இழுத்துவிட்டு வருகிற பையன்களை எத்தனை பேரைப் பிடித்திருப்பார். "எலேய், யாரை ஏமாத்துக?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பார். அந்தப் பெட்டிக்குள் முகம் இருந்தபோது அவருக்கும் அந்தப் பையன்கள் மாதிரித்தான் கக்கத்தில் வேர்த்தது.

தப். அந்தச் சத்தம் அவரை இழுத்துக்கொண்டுவந்து நாற்காலியில் போட்டது. இடது பக்கத்திலிருந்து ஒரு அடி, பாதத்தின் மேல் எலும்பு பந்தின் நடு வயிற்றில் பட்ட சத்தம். விரலில் பட்டால் சப் என்று கேட்கும், கணுக்காலில் பட்டால் பொத் என்று கேட்கும், இது தப். அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் மைதானம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது, பந்து காற்றில் வளைந்து வருகிறது என்று அர்த்தம். பிறகு நெற்றியில் பந்து மோதுகிற சத்தம், வலை குலுங்குகிற சத்தம், வேப்பமரத்தடியில் நின்ற கூட்டத்தின் கூச்சல். கோல். "பார்த்தீங்களா மாஸ்டர்!" திருமூர்த்தி பாதி எழுந்துவிட்டான். "பாத்தேன், இரு." எதைப் பார்த்தார். காதில் விழுந்ததைக் கூட்டிப் பார்த்தால் ரெஜின் ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்திருக்கிறான், எவனோ ஒரு நெட்டையன் தலையால் அடித்திருக்கிறான். ஆனால் ரெஜின்தானா? அந்தக் கால்தானா? அந்தத் 'தப்' சத்தத்தை எழுப்புகிற கால் இந்த மைதானத்தில் இன்னொன்று இல்லை என்று காது சொன்னது. காதை வைத்து ஆள் எடுக்கிறவன் என்று யாராவது அவரைச் சொல்லிவிட்டால்? பாட்டுக் கச்சேரிக்கா வந்திருக்கிறார். காது சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. கோளாறு எங்கே. கோளாறு இல்லாத கால் கிடையாது, தோண்டினால் வரும், எப்போதும் வந்திருக்கிறது.

எப்போதும் வந்திருக்கிறது. மத்தியாஸ் என்று ஒரு கோல்கீப்பர், பனைமரம் மாதிரி உயரம், ஊரே அவனைத் தூக்கிவைத்து ஆடியது. மாஸ்டர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இவன் கை பந்தைத் தொடதுக்கு முன்னால கண்ணு மூடுது" என்றார். அவ்வளவுதான், அந்த ஒற்றை வரியில் பனைமரம் சாய்ந்தது. இப்போது நாகர்கோவிலில் ஒரு ஏடிஎம் வாசலில் தொப்பி போட்டு நிற்கிறான். பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று சலாம் வைக்கிறான், சிரிக்கக்கூடச் செய்கிறான், அந்தச் சிரிப்பை மாஸ்டரால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை, வழியிலேயே எங்கேயாவது கீழே போட்டுவிடுவார். கண் மூடியது உண்மைதானே? மூடியது. மூடியதா? அன்றைக்கும் கண் கூசுகிற வெயில்தான். சே, அப்போது கண் நன்றாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. எப்போதிலிருந்து நன்றாக இல்லை என்று யாருக்குத் தெரியும், கண் போகிறபோது சொல்லிக்கொண்டா போகிறது, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. பல்லிடுக்கில் சாளை முள் ஒன்று நேற்றிலிருந்து இருந்தது. நாக்கால் அதைத் துழாவினார். இந்தப் பாழாய்ப்போன முள்.

மறுபடியும் ரெஜின் தென்பட்டான். நடுக்கோட்டுப் பக்கம் வந்து பந்தை வாங்கினான், ஒரே தட்டில் திருப்பிக் கொடுத்தான், இடது பக்கம் பாய்ந்தான், கஞ்சிக்குள் போனான். இன்னொரு தடவை. மறுபடியும் கஞ்சி. போக்கிரிப்பயல், நாலு நிமிசம் வலது பக்கம் வந்து ஆடினால் என்ன? கால் இல்லையா அந்தப் பக்கம்? இடது ஓரத்து ஆட்டக்காரன் இடது ஓரத்தில்தான் ஆடுவான் என்று அவருக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் கோபம் வந்தது, வேண்டுமென்றே அவருடைய இருட்டுக்குள் போய் ஒளிந்து ஒளிந்து விளையாடுகிற மாதிரி. தலையைத் திருப்பினால் போதும். ஒரு சாண். கழுத்து என்று ஒன்று எதற்கு இருக்கிறது. வலது கண் பார்த்துக்கொள்ளும், அதில் ஓரம்தான் கொஞ்சம் பிசிறு. ஈ ஒன்று காதில் உட்கார்ந்தது, ஈயை ஓட்டுகிற சாக்கில் திருப்பலாம். கழுத்து நரம்பு தயாராகக்கூட ஆகிவிட்டது. அப்போது பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருத்தன், "லேய், மாஸ்டரப் பாத்தியா? கோல் விழுந்தப்பவும் தல அசையல, இப்பவும் அசையல" என்றான். "அது கண்ணா? கலங்கரை விளக்குலே" என்றான் இன்னொருத்தன். கழுத்து அப்படியே கல்லாகிப் போயிற்று. ஈ காதிலிருந்து கன்னத்துக்கு நடந்து வந்தது. அதையும் ஓட்டவில்லை.

தப். மறுபடியும் அதே சத்தம், இன்னும் தூரத்திலிருந்து. மைதானம் மறுபடி மூச்சைப் பிடித்தது. கம்பத்தில் மோதின டங். கூட்டம் ஐயோ என்று அலறியது. அலறல் அடங்குவதற்குள் மறுபடி ஒரு அடி, வலை, கூச்சல். திருமூர்த்தி ஏதோ தட்டிக்கொண்டிருந்தான், விரல்கள் மழை மாதிரி விழுந்தன. என்ன தட்டுகிறான்? அவர் ஒன்றும் சொல்லவில்லையே, அவனாகத் தட்டுகிறானே. அவர் சொல்லாமலே ஒரு பையன் நல்லவன் ஆகிவிட்டால் அவர் எதற்கு? நாளைக்கு மதுரைக்கு ஏ.சி. காரில் அவரை எதற்குக் கூட்டிக்கொண்டு போவான்? வீட்டில் இருக்கலாம், வீட்டில் இருந்து சுவரைப் பார்க்கலாம், அதில் பாதிச் சுவரைப் பார்க்கலாம். கோளாறு எங்கே. மைதானத்தைப் பார்த்தார். சிவப்புச் சட்டைகளைப் பார்த்தார். கோல்கீப்பர், பின்வரிசை, நடுவரிசை, வலது ஓரத்தான். ரெஜின் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, ரெஜின் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் இல்லை. அப்போதுதான் அது வந்தது, கிணற்றில் விழுந்த வாளி கொக்கியில் மாட்டின மாதிரி லேசாக ஒரு இழுப்போடு வந்தது. காணாமல் போகிறான். ஆட்டத்திலிருந்து காணாமல் போகிறான். ரெண்டு நல்லது செய்கிறான், பிறகு ஆளே இல்லை. உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கோளாறு இருக்கிறது, எத்தனை பேரை அதற்காகக் கழித்திருக்கிறார், பொய்யா அது? அவர் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார். அவர் கண்ணால் அவனைக் காணவில்லை. சத்தியமான வார்த்தை. லூர்தும் அதைத்தானே கேட்டாள், இருக்கதை இருக்கபடி. உடம்பு முழுவதும் இளகியது. கன்னத்தில் இருந்த ஈயை இப்போது நிதானமாக ஓட்டினார்.

பாதி ஆட்டம் முடிந்து விசில் கேட்டது. காற்று கடல் பக்கமிருந்து திரும்பியிருந்தது, வேர்வை நாற்றமும் மிதிபட்ட புல்லின் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறியது. மைதானம் என்றால் அப்படித்தான் நாறும். திருமூர்த்தி லேப்டாப்பை இவர் பக்கம் திருப்பிவைத்து, திரையையே பார்த்தபடி கேட்டான். "முதல் ரவுண்டுல எங்க முறை ரெண்டாவதுங்க மாஸ்டர். ஒருத்தனத்தான் எடுக்க முடியும். ரெஜினப் போட்டுறலாமுங்களா?"

"கழி."

"ஏனுங்க, ரெண்டு கோலும் அவன் கால்ல இருந்துதானுங்களே வந்துச்சு?"

"வந்துச்சு. நடுவுல எங்க இருந்தான்? சொல்லு பாப்போம். எங்க இருந்தான்?"

திருமூர்த்தி நிமிர்ந்தான். வாயைத் திறந்தான், மாஸ்டருக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

"காணாமப் போற பயடே அவன். கரைக்காரன் எல்லாம் அப்படித்தான், எனக்குத் தெரியாதா. கூட்டம் கத்தினா வருவான், கத்தலன்னா எங்கயாவது போய் நிப்பான். ஓமானுக்குப் போய் மீன் பிடிக்கட்டும், அங்க காணாமப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. அடிச்சு விடு பேர."

திருமூர்த்தியின் விரல் அசையவில்லை. அவன் கண்கள் மாஸ்டரின் இடது தோளுக்கு மேலேயே நின்றன. "மாஸ்டர்ங்க," குரலைத் தாழ்த்தினான், "ரெஜின் வந்து அப்பவே பக்கத்துல நிக்கறாருங்க. நீங்க பார்த்துட்டுத்தான் பேசறீங்கனு நெனச்சேன்."

"முட்டியக் காட்ட வந்தேன் மாமா" என்றது இடது பக்கம்.

ஆடி முடித்தவன் எல்லாம் நாற்காலிக்கு வந்து சாக்ஸை இறக்கி மாஸ்டரிடம் முட்டியைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், அது அவரே வைத்த வழக்கம். மறந்தே போனார். புல் நாற்றம் மைதானத்திலிருந்து வரவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான்? ஓமான் என்று சொன்னதற்கு முன்னாலேயா, பின்னாலேயா? இப்போது ஒரு வார்த்தை தடுமாறினால் முடிந்தது. இவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், வேப்பமரத்துக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் மதுரைக்கும் தெரியும். அவர் சிரித்தார். சிரிப்பு நன்றாகவே வந்தது.

"பாத்துட்டுத்தான் சொன்னேன். நிக்கான்னு தெரிஞ்சுதான் சொன்னேன், கேக்கட்டும்னு. மூஞ்சிக்கு முன்னால சொல்லணும்லா. பின்னால பேசுத பழக்கம் நமக்குக் கெடையாது. காட்டுலே முட்டிய."

தலை நேராக இருக்க, இடது கையைப் பெருவிரல் நீட்டி, முட்டி இருக்கும் என்று தோன்றிய இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே காற்றுதான் இருந்தது. விரல் அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. நகர்த்தலாமா, எந்தப் பக்கம் நகர்த்த. அப்போது புல்லில் ஒரு பூட்ஸ் மெதுவாக உரசியது, சுடுகிற ஈரமான முட்டி ஒன்று தானாக நகர்ந்து வந்து அவர் விரலுக்கு அடியில் பொருந்திக்கொண்டது. அமுக்கினார். முட்டிச்சில்லுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தண்ணி இல்லை, சதையில் நடுக்கம் இல்லை, கருங்கல். இத்தனை காலத்தில் இப்படி ஒரு முட்டி விரலில் பட்டதில்லை.

"முட்டி பரவால்ல. போ" என்றார்.

"அப்ப அடிச்சறட்டுங்களா?" திருமூர்த்தி கேட்டான்.

"ஒரு வாட்டி சொன்னா போதாதா?"

பொத்தான் அமுங்குகிற சின்னச் சத்தம் வலது பக்கத்திலிருந்து கேட்டது. இடது பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் திரும்பிவிட்டது, நாற்றமும் இல்லை. போய்விட்டானா, இன்னும் அங்கேயே நின்று அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த பாதிக்கு விசில் ஊதினார்கள். மாஸ்டர் ரெண்டு உள்ளங்கையையும் முழங்கால் மேல் கவிழ்த்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.